பிளேன் ராவில எங்க படுக்குது? சீனக்குடாவுக்கு விமானம் விடப்போற ஆக்களுக்கு ஒரு திறந்த மடல்

விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சுக்கும், சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கும், ரெண்டு சின்ன பிளேன் வாங்கி ஓட்டிப் பாப்பம் எண்டு யோசிக்கிற முதலாளிமாருக்கும்,

வணக்கம். திருகோணமலையில இருந்து எழுதுறன். மடத்தடிப் பக்கம் சின்னதா ஒரு கொமியூனிகேஷன் கடை வச்சிருக்கிறன், போட்டோகொப்பி, ரீலோட், போம் நிரப்பிக் குடுக்கிறது, கொழும்பு பஸ்ஸுக்கு சீட் புக் பண்றது, இதான் தொழில். இடையில கொஞ்சக் காலம் பிளேன் டிக்கட்டும் வித்தனான், அந்தக் கதைக்குப் பிறகு வாறன். எங்கட ஊர் எயார்போர்ட் இருக்கிற சீனக்குடாவுக்கு திரும்ப பிளேன் வரப்போகுது எண்டு பேப்பர்ல ஒரு துண்டுச் செய்தி வந்தாக் காணும், சனம் என்ர கடைக்கு வந்து "அண்ணே எப்ப தொடங்குது, எவ்வளவு எடுப்பாங்க" எண்டு கேக்கத் தொடங்கிரும். எனக்கு உங்களிட்ட கேக்க இருக்கிறது வேற ஒரு கேள்வி. அந்த பிளேன் ராவில எங்க படுக்கும்?

பகிடி இல்ல. இவ்வளவு காலமும் எங்கட ஊருக்கு வந்துபோன எல்லா சின்ன சேவையும் கொழும்புப் பக்கத்து ரத்மலானையையோ கட்டுநாயக்காவையோ வீடா வச்சிருந்ததுதான். காலமை அங்க இருந்து வெளிக்கிடும், இஞ்ச வந்து இறங்கும், கொஞ்ச நேரம் நிண்டுட்டு திரும்பிப் போகும். கொழும்புக்காரனுக்கு அது சோக்கான டைம்டேபிள், காலமை வந்து நிலாவெளியில குளிச்சிட்டு அடுத்த பிளேன்ல போகலாம். ஆனா எங்கட ஆளுக்கு கொழும்பில காலமை ஒம்பது மணிக்கு கிளினிக், இல்லாட்டி எம்பசியில இன்டர்வியூ, இல்லாட்டி ஏதாவது திணைக்களத்தில ஒரு கையெழுத்து. பத்தரைக்கு சீனக்குடாவால ஏறினா மத்தியானத்துக்குத்தான் கொழும்பு டவுனுக்குள்ள நிப்பான், அண்டைக்கு ஒரு வேலையும் நடக்காது, பிறகு ஒரு ரா லொட்ஜுக்கு காசு. அதைவிட முதல் நாள் ரா மெயில் கோச்சியில, அதான் ரயில்ல, ஏறிப் படுத்தா விடிய கொழும்புக் கோட்டையில இறங்கி முகம் கழுவிட்டு நேரா கியூவில நிக்கலாம். யானை குறுக்கால நிண்டா பிந்தும்தான், அதுக்கு நாங்க பழகிட்டம். ஒரு மணித்தியாலத்துக்குள்ள போற பிளேன் எட்டு ஒம்பது மணித்தியாலம் போற கோச்சியிட்ட தோத்துப்போறது இப்பிடித்தான்.

என்ர பெரியப்பா துறைமுகத்தில கிளார்க்கா இருந்தவர். அந்தக் காலத்து அரசாங்க விமானக் கம்பெனி எயார் சிலோன்ட டகோட்டா பிளேன்ல ஒரே ஒரு தரம் ஏறினவர், அதை சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சீனக்குடாவில இருந்து ரத்மலானைக்கு, காதுக்குள்ள பஞ்சு வச்சுக்கொண்டு, மடியில கருவாட்டுப் பார்சல். கருவாடு மணந்து பக்கத்தில இருந்த துரை மூஞ்சைய சுளிச்சது வரைக்கும் சொல்லுவார். அந்த எயார் சிலோன் 1947 டிசம்பர் 10ந் திகதி முதல் பயணம் போகேக்கயே ரத்மலானையில இருந்து காங்கேசன்துறை, அங்க இருந்து சென்னை எண்டுதான் போனது. சீதாதேவி எண்டு பேர் வச்ச டகோட்டா. மற்ற ரெண்டுக்கும் விகாரமகாதேவி, சுனேத்திராதேவி எண்டு பேர். அதாவது இந்த நாட்டு பிளேன் முதல் முதல் பறந்ததே வடக்குப் பக்கம் பாத்துத்தான், இண்டைக்கு வடக்குக்கும் கிழக்குக்கும் பிளேன் விடுறது ஏதோ பெரிய புதுமை மாதிரி மேடையில கதைக்கேக்க எனக்கு சிரிப்பு வாறது அதால.

பிறகு அந்தக் கம்பெனிக்கு என்ன நடந்தது? முதல் அவுஸ்திரேலியாக்காரனோட கூட்டு, 1956ல ஒல்லாந்துக்காரன்ட கேஎல்எம்மோட, 1962ல இங்கிலாந்துக்காரன்ட பிஓஏசியோட, பிறகு பிரெஞ்சுக்காரன்ட யூடிஏயோட, கூட்டாளி மாறின மாதிரியே மேல இருக்கிற ஆக்களும் மாறி, கடைசியில அரசியல்வாதியள் கை வைக்காத மூலை இல்ல. 1978 செப்டம்பர் 7ந் திகதி யாழ்ப்பாணத்தில இருந்து வந்து ஆக்களை இறக்கிட்டு ரத்மலானையில நிண்ட அவ்ரோ பிளேன் குண்டு வெடிச்சு எரிஞ்சது. அடுத்த வருசம் செப்டம்பர்ல எயார் லங்கா வந்திட்டுது. பெரிய ஜெட், லண்டன், பரிஸ். டகோட்டா போன ஊரெல்லாம் கணக்கில இல்லாமப் போச்சு.

எங்கட பக்கத்து பிளேன் சேவையளுக்கு ஒரு விசித்திரமான குணம் இருக்கு. றோட்டு பூட்டினா வளரும், றோட்டு திறந்தா சாகும். தொண்ணூறுகள்ல யாழ்ப்பாணச் சனத்துக்கு தரையால வழி இல்ல. திருகோணமலைக்கு வந்து கப்பலுக்கு நாள்கணக்கில காத்துக்கிடந்துதான் காங்கேசன்துறை போவாங்க, சிற்றி ஒஃப் ட்ரின்கோ கப்பலை மறந்திருக்கமாட்டீங்க, அந்த நேரம் எங்கட ஊர் லொட்ஜ் சாப்பாட்டுக்கடை எல்லாம் அந்தச் சனத்தாலதான் ஓடினது, அதை லாபம் எண்டு சொல்லவும் வாய் கூசும். கப்பலுக்கு நிக்க ஏலாதவங்களுக்கு, காசு கொஞ்சம் இருக்கிறவங்களுக்கு, யாழ்ப்பாணத்துப் பலாலி எயார்போர்ட்ல இருந்து லயன் எயார் எண்ட கம்பெனி. ரஷ்யாப் பக்கத்து பழைய அன்டனோவ் பிளேன். 1998 செப்டம்பர் 29, பலாலியில இருந்து ரத்மலானைக்கு வெளிக்கிட்ட அன்டனோவ் 24, மன்னார்க் கடலுக்கு மேல காணாமப் போச்சு. 55 பேர். சுட்டு விழுத்தினதெண்டு சொல்லுறாங்க. உடைஞ்ச துண்டுகளை இரணைதீவுப் பக்கத்துக் கடலுக்குள்ள கண்டது 2012ல, பதினாலு வருசம் கழிச்சு. 2014ல கடலுக்குள்ளால எடுத்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில பரப்பி வச்சு சொந்தக்காரரைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னாங்க. ஒரு சின்ன விமானக் கம்பெனி விழுந்த கதையைச் சொல்லேக்க ஆக்கள் லீஸ், கடன், பெற்றோல் விலை எண்டு கதைப்பாங்க. எங்கட பக்கத்தில அது முதல்ல ஒரு சட்டையும் ஒரு சோடி செருப்பும்.

2002 சமாதானத்தோட திரும்ப பறக்கத் தொடங்கினாங்க, எக்ஸ்போ எண்டு ஒரு கம்பெனி யாழ்ப்பாணத்துக்கு ஓடினது. 2006 ஓகஸ்ட்ல யாழ்ப்பாணம் போற ஏ9 றோட்டு பூட்டுப்பட்டது, பிளேன் சீட்டுக்கு அடிபிடி. 2009க்குப் பிறகு ஏ9 திறந்து சொகுசு பஸ் ராவோட ராவா ஓடத் தொடங்க, பிளேன் தேவைப்பட்ட சனம் குறைஞ்சு போச்சு. அதே எக்ஸ்போதான் இண்டைக்கு ஃபிட்ஸ்எயார், 2022 அக்டோபர்ல ஏ320 எண்ட பெரிய ஜெட்டை துபாய்க்கு விடத் தொடங்கினாங்க. கெட்டிக்காரர்தான், குறை சொல்லேல்ல. ஆனா தப்பிப் பிழைச்ச ஒரு கம்பெனியும் பிழைச்சது துபாய்க்குப் போய்த்தான், எங்கட ஊர்களை நம்பி இல்ல. அதைக் கொஞ்சம் யோசிங்க.

எங்கட சீனக்குடாவுக்கு வருவம். வெள்ளைக்காரன் போட்ட ஓடுபாதை, 1942 ஏப்ரல் 9ந் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டும் நிண்ட ஓடுபாதை, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம். ஏடிஆர் மாதிரி எழுபது சீட் பிளேன் தாராளமா இறங்கும். ஓடுபாதை எங்களுக்கு ஒரு நாளும் பிரச்சினையா இருந்ததில்ல. விமானப்படை தன்ர ஹெலிடூர்ஸை 1972ல தொடங்கி, 83ல சண்டையோட நிப்பாட்டி, 2009ல திரும்ப எடுத்து, பிறகு சீனாவின்ட எம்ஏ60 பிளேனை ரத்மலானை, பலாலி, சீனக்குடா எண்டு ஓட்டினது. ஐம்பது பேர் மட்டில ஏறலாம். அதில போன ஆக்கள் இண்டைக்கும் நல்லாத்தான் சொல்லுவாங்க. ஆனா விமானப்படைக்கு டிக்கட் விக்கிறது முதல் வேலை இல்ல, அவங்களுக்கு வேற தேவை வந்தா பிளேன் அங்க போகும், அது நியாயம்தானே. 2013ல சின்னமன் எயார் வந்தது, எட்டுப் பேர் ஏறுற செஸ்னா கரவன். அது டூரிஸ்ட்டுக்காகவே செஞ்ச சேவை, அவங்கட சீசன் மே மாசத்தில இருந்து செப்டம்பர் வரைக்கும், திமிங்கிலம் பாக்க, புறாத்தீவில நீந்த. மாரி தொடங்கி கடல் குழம்பினா எந்த வெள்ளைக்காரன் வருவான்? ஆனா மாரியிலதான் எங்கட றோட்டில வெள்ளம், மாரியிலதான் கோச்சி பாதையிலயும் கரைச்சல், எங்களுக்கு பிளேன் வேணும் எண்டா அது மாரியிலதான்.

இப்ப என்ர கதை. பேர் சொல்லமாட்டன், இந்த மடல்ல நான் பேர் சொல்லி எழுதின ஆக்களில ஒருத்தரும் இல்ல அது. ஒரு சின்ன ஆக்கள், வேற ஆரிட்டயோ பிளேனை மணித்தியாலக் கணக்கில வாடகைக்கு எடுத்து சீட் பிரிச்சு வித்தவங்க. கடைக்கு வந்து நல்லாக் கதைச்சாங்க, ஒரு போர்ட் தந்தாங்க, நீலக் கலர்ல பிளேன் படம் போட்டு. கமிஷன் நூற்றுக்கு ஏழு. நான் அந்த போர்ட்டை கடை வாசல்ல மாட்டினண்டைக்கு எங்கட மனிசி பால்பொங்கல் பொங்கினவ, அவ்வளவு சந்தோசம். முதல் மாசம் ஒழுங்கா ஓடினது. ரெண்டாம் மாசம் "டெக்னிக்கல்" எண்டு ஒரு சொல் வரத் தொடங்கினது. ஒரு நாள் டெக்னிக்கல், அடுத்த நாள் லோட் காணாது, அதாவது ஆக்கள் குறைவு, இண்டைய ஆக்களை நாளைக்கு ஏத்துவம் எண்டு மெசேஜ் வரும். இஞ்ச விசயம் தெரிஞ்ச ஆக்களுக்கு விளங்கும், இருக்கிறதே ஒரு பிளேன், அதில ஒரு லைட் எரியேல்ல எண்டாலும் முழு டைம்டேபிளும் விழுந்திரும்.

உவர்மலைப் பெட்டை ஒண்டு, ஸ்டூடன்ட் விசாவுக்கு எம்பசி இன்டர்வியூ, அடுத்த நாள் பத்து மணிக்கு. மத்தியான பிளேனுக்கு டிக்கட் எடுத்து, சாமத்தியம் மாதிரி வீடே வழியனுப்ப வந்து, சீனக்குடா கேற்றில ஐடென்டிகார்ட்டைக் காட்டி உள்ளுக்குப் போய் உக்காந்தும் இருக்கு. நாலு மணிக்கு பிளேன் வராது எண்டு சொன்னாங்க. மெயில் கோச்சியில சீட் இல்ல. தகப்பன் என்ர கடைக்கு வந்து ஒண்டும் சத்தம் போடேல்ல, போர்ட்டை நிமிந்து பாத்துக்கொண்டு நிண்டார், அவ்வளவுதான். நான் வேன் பிடிச்சுக் குடுத்தன். ராவோட ராவா ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், இருநூற்றி அறுபது கிலோமீட்டர் சொச்சம், பிள்ளை எட்டு மணிக்கு கொழும்பில நிண்டிட்டுது. விசாவும் கிடைச்சது, இப்ப கனடாவில. அந்த வேன் ஹயர் காசு நான் அந்தக் கம்பெனியில எடுத்த முழுக் கமிஷனையும் திண்டிட்டுது. டிக்கட் காசு திரும்பி வரவே இல்ல. போன் அடிச்சா எடுக்கமாட்டாங்க, பிறகு நம்பரே வேலை செய்யேல்ல. போர்ட்டைக் கழட்டி படிக்குக் கீழ வச்சிருக்கிறன்.

அவங்களைத் திட்டத்தான் இதை எழுதுறன் எண்டு நினைக்காதீங்க. கணக்குப் போட்டுப் பாத்தா அவங்களுக்கும் வேற வழி இருந்திருக்காது. பிளேன் லீஸ் டொலர்ல, இன்சூரன்ஸ் டொலர்ல, சாமான் டொலர்ல, எண்ணெய் விலையும் டொலரோடதான் ஏறி இறங்கும், டிக்கட் மட்டும் ரூபாயில. 2022ல ரெண்டு மூண்டு மாசத்துக்குள்ள டொலர் இருநூறு ரூபாயில இருந்து முந்நூற்றி அறுபதுக்குப் போச்சு, அப்ப டிக்கட் விலையை அப்பிடி ஏத்தினா ஆர் ஏறுவான்? அதோட குட்டித் தூரம் பறக்கிற பிளேனுக்கு செலவு கூட, ஏனெண்டா டயர், பிரேக், சில்லுக்கால் எல்லாம் தேயிறது பறக்கிற மணித்தியாலத்தை விட எத்தினை தரம் இறங்கி ஏறுது எண்டதிலதான். எட்டு சீட்ல மூண்டு சீட் காலி எண்டா லாபம் போச்சு, ஐம்பது சீட் பிளேன்ல இருபது பேரை ஏத்திக்கொண்டு போனா ஒவ்வொரு பறப்பும் நட்டம். நட்டத்தைக் குறைக்க பறப்பைக் குறைப்பாங்க, குறைச்சா நம்பிக்கை குறையும், நம்பிக்கை குறைஞ்சா சனம் கோச்சிக்குப் போகும், காலி சீட் இன்னும் கூடும். ஒரு சின்ன கம்பெனி சாகிறதுக்கு விபத்தே வேண்டாம், இது காணும்.

கடலுக்கு அங்கால பாருங்க. இந்தியாவில உடான் எண்டு ஒரு திட்டம் 2016ல கொண்டுவந்து 2017 ஏப்ரல்ல முதல் பிளேனை சிம்லா டெல்லி பாதையில விட்டாங்க. ஒரு மணித்தியாலப் பறப்புக்கு பாதி சீட்டை 2,500 இந்திய ரூபாய் மட்டில விக்கவேணும், அதால வாற குறையை அரசாங்கம் ஏலத்தில முடிவான தொகையாக் குடுக்கும், மூண்டு வருசம் அந்தப் பாதை உனக்குத்தான். சேலத்துக்கு 2018 மார்ச்ல ட்ரூஜெட் எண்ட கம்பெனி அப்பிடித்தான் சென்னையில இருந்து ஓடத் தொடங்கினது, சேலத்துச் சனத்துக்கு அது எவ்வளவு பெரிய விசயம். பிறகு ட்ரூஜெட் காசு முடிஞ்சு கம்பெனியே படுத்திட்டுது, 2023 அக்டோபர் வரைக்கும் சேலம் பாத்துக்கொண்டு இருந்தது. பெங்களூர்ல எயார் பெகாசஸ் எண்டு ஒண்டு 2015 ஏப்ரல்ல தொடங்கி 2016 ஜூலையில நிண்டிட்டுது, பதினைஞ்சு மாசம். அதால அரசாங்கக் காசு குடுத்தா எல்லாம் சரியாகும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா சேலத்துக்காரனுக்கு ஒரு காகிதத்தில எழுதி இருந்தது, இத்தினை வருசம், இத்தினை சீட், இத்தினை ரூபாய் எண்டு. எங்களுக்கு ஒரு காகிதமும் இல்ல, ரிபன் வெட்டின போட்டோ மட்டும் கிடக்கு.

தெற்கில மத்தள எயார்போர்ட்டை 2013ல திறந்தீங்க, எவ்வளவு காசு, எவ்வளவு பெரிய கட்டடம், சேவையள் ஒவ்வொண்டாக் கழண்டு போச்சு. நாங்க கட்டடம் கேக்கேல்ல. பலாலி 2019 அக்டோபர்ல சர்வதேச எயார்போர்ட் ஆனது, கொரோனாவோட நிண்டு, 2022 டிசம்பர்ல சென்னை பிளேன் திரும்ப வந்தது, இப்ப இண்டிகோவும் ஓடுது. ஏன் அது நிலைக்குது? ரெண்டு பக்கமும் போக வேலை இருக்கிற சனம் இருக்கு, கோயில், ஆஸ்பத்திரி, கலியாணச் சீலை, சொந்தக்காரர். அதே சனம் இஞ்சயும் இருக்கு, மூதூர்ல கிண்ணியாவில இருக்கு, மட்டக்களப்பிலயும் இருக்கு. 2023 ஜூலையில ரெண்டு நாட்டுத் தலைவர்மாரும் டெல்லியில விட்ட அறிக்கையில சென்னையில இருந்து திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் விமானம் விடுறதை ஆராய்வம் எண்டு எழுதி இருக்கு. ஆராய்ஞ்சாச்சா ஐயா? இப்ப எங்கட ஆள் சென்னைக்குப் போறதெண்டா ஆறு ஏழு மணித்தியாலம் வேன்ல கட்டுநாயக்காவுக்குப் போய், மூண்டு மணித்தியாலம் முன்னுக்கு நிண்டு, ஒண்டேகால் மணித்தியாலம் பறக்கிறான். கோணேசர் கோயிலுக்கு வாற இந்தியாக்காரனுக்கும் இதே கூத்துத்தான், பின்னுக்கு இருந்து முன்னுக்கு.

அதால நான் கேக்கிறது இவ்வளவும்தான். பிளேன் ராவில சீனக்குடாவில படுக்கட்டும். பைலட்மாருக்கு ஒரு ரூம், பிளேனுக்கு ஒரு காவல், காலமை எண்ணெய் அடிக்க ஒரு பவுசர், ஒரு மெக்கானிக், பக்கத்திலயே தொண்ணூற்றொம்பது எண்ணெய்த் தாங்கி கிடக்கிற ஊரில எண்ணெய்க்கு வழி இல்ல எண்டு மட்டும் சொல்லாதீங்க. ஆறு மணிக்கு இஞ்ச இருந்து ஏறினா எட்டு மணிக்கு ஆள் கொழும்பில நிக்கோணும், வேலையை முடிச்சிட்டு பின்னேரம் திரும்பி வரோணும். கிழமையில நாலு நாள் காணும், ஆனா மாரியிலயும் அதே நாலு நாள். முதல் பெரிய பிளேன் வேண்டாம், பத்தொன்பது சீட் போதும், நிரம்பட்டும் பிறகு பாப்பம். மூண்டு வருச ஒப்பந்தம், ஓடாத நாளுக்கு தண்டம், டிக்கட் விக்க முதல் கம்பெனி ஒரு தொகையை அதிகாரசபையிட்ட கட்டி வைக்கோணும், கம்பெனி படுத்தா சனத்துக்கு அதில இருந்து காசு திரும்பக் குடுக்கலாம். வெளிநாட்டு ஏஜென்சிக்காரனைப் பதியேக்க பணம் கட்ட வைக்கிறீங்கதானே, அதே மாதிரித்தான் இதுவும். சீனக்குடா விமானப்படை முகாமுக்குள்ளால போற கேற்றைப் பற்றியும் ஒரு சொல்லு, பாதுகாப்பு வேணும்தான், ஆனா வயசுபோன ஆக்கள் வெயிலுக்குள்ள பொதியோட நிக்காம சாதாரண சனம் போய்வாறதுக்கு எண்டு தனியா ஒரு வாசலும் ஒரு கூரையும் போட்டா நல்லம்.

முதலாளிமாருக்கு தனியா ஒண்டு. டூரிஸ்ட்டை நம்பி டிக்கட் விலையை வைக்காதீங்க, டூரிஸ்ட் வந்தா வரட்டும், அவனுக்கு டொலர்ல வில்லுங்க. பாதி சீட்டை ஊர் ஐடென்டிகார்ட்டுக்கு எண்டு ஒதுக்கி, சொகுசு பஸ்ஸின்ட ரெண்டு மடங்கு விலைக்குத் தாங்க, மூண்டு மடங்கு எண்டாலும் கிளினிக் போற ஆள் ஏறுவான், ஏனெண்டா லொட்ஜ் காசு மிச்சம், கூடப் போற ஆளுக்கு ரெண்டு நாள் சம்பளமும் மிச்சம். பிளேன் ஓடாட்டி முதல் நாள் ரா எட்டு மணிக்கு முதல் சொல்லுங்க, மெயில் கோச்சி போனாலும் சொகுசு பஸ்ஸைப் பிடிக்கலாம். டெக்னிக்கல் எண்ட சொல்லுக்குப் பதிலா என்ன உடைஞ்சது எண்டு சொன்னாலும் சனம் கேக்கும், நாங்க இவ்வளவு காலமும் கேட்டதை விட அது பெரிய விசயம் இல்ல.

பதில் எழுதுறதெண்டா தமிழ்ல எழுதுங்க, சிங்களத்தில வந்தாலும் பரவால்ல, பக்கத்துக் கடை ஐயா வாசிச்சுச் சொல்லுவார். அந்த நீல போர்ட் இன்னும் படிக்குக் கீழதான் கிடக்கு, கறையான் ஒரு மூலையை அரிச்சிட்டுது, மற்றப்படி நல்லாத்தான் இருக்கு. பிளேன் சீனக்குடாவில படுக்கும் எண்டு எழுத்தில தந்தீங்க எண்டா பழைய பேரை சுரண்டிட்டு உங்கட பேரை நானே என்ர காசில எழுதுவன். ரத்மலானையில எண்டா போர்ட் அங்கயே கிடக்கட்டும்.

இப்படிக்கு,
மடத்தடி கொமியூனிகேஷன்காரன்,
திருகோணமலை